வந்ததற்கு மட்டும் நன்றி

வந்திருந்தவர்கள்: பள்ளிக்கூட அதிபர், ஆசிரியர்கள் ஏழு பேர், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, அன்னாரின் தம்பியார், தம்பியாரின் மனைவி, ரவுனிலிருந்து ட்ரோனோடு ஒரு வீடியோக்காரர், தரம் மூன்றுப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர், அவர்களுடைய தாய்மார், படச் சட்டத்துக்குள் மாலையோடு அன்னார். அதிபரின் கைபேசிக்குள், கனடாவிலிருந்து, அன்னாரின் மகன்மார் இருவர்.

வராதவை: கொப்பிகள்.

காலமான அன்னாரின் நினைவாகக் கற்றல் உபகரணம் வழங்கும் விழாவுக்குக் கற்றல் உபகரணம் வராதது பெரிய குறையாக அங்கே ஒருவருக்கும் படவில்லை. பந்தல் வந்திருந்தது. ஒலிபெருக்கி வந்திருந்தது. றோல்ஸும் கேக்கும் வந்திருந்தன. கொப்பிகள் பிந்தியதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஒவ்வொரு கொப்பியின் பின்னட்டையிலும் அன்னாரின் படம் போடுவதாக ஏற்பாடு. அச்சகம் அனுப்பிய மாதிரியைப் பார்த்த மகன்மார், "அப்பா வெறும் மேலோடை நிக்கிறார், கோட்டும் ரையும் போட்டுவிடுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். அறுபது வருஷம் புகையிலைத் தோட்டத்தில் ஒரு சால்வையோடு காலம் தள்ளிய மனிதருக்குக் கணினியில் கோட் தைக்க நாள் எடுக்கும்தானே. தைத்து முடிந்த அளவில் ஐந்து கட்டுகள் மட்டும் வந்திருந்தன. கட்டுக்கு ஆறு கொப்பி. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டு.

(அழைப்பிதழில் பதினொரு இடத்தில் 'அன்னார்' என்றுதான் இருந்தது. நானும் அந்த மரியாதையைக் குறைக்க விரும்பவில்லை.)

ஐந்து கட்டை இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற கணக்கை அதிபர் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார். பிள்ளை மேடையில் ஏறும், தம்பியாரிடம் கொப்பியை வாங்கும், கமராவைப் பார்த்துச் சிரிக்கும், பின்பக்கப் படியால் இறங்கும். அங்கே நான் நிற்பேன். வாங்கின கொப்பியை வாங்கி, ஐந்து கட்டும் சேர்ந்ததும் பந்தலைச் சுற்றி ஓடி, திரும்ப முன்பக்க மேசையில் வைப்பேன். எட்டு மாதச் சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு. நான் அதை முழு மனதோடு செய்தேன்.

பதினான்காவது பிள்ளை வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. பதினைந்தாவது என் அக்காவின் மகள் அபி. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றாள்.

"மாமா, இது எனக்குத் தந்தது. என்ரை பேரைச் சொல்லித்தான் தந்தவை."

"பேந்து தருவினம் பிள்ளை. இப்ப விடு."

"நான் சிரிச்சனான்தானே!"

அவள் தன் பங்கு வேலையைச் செய்துவிட்டாள் என்பது உண்மை. இருந்தாலும் பதினாறாவது பிள்ளை மேடையில் வெறுங்கையோடு நின்றது. நான் இழுத்தேன். அபியும் இழுத்தாள். நான் பெரியவன் என்பதால் வென்றேன். தலையை நிமிர்த்தியபோது பந்தல் காலோடு சாய்ந்தபடி ரீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா.

ரீச்சருக்குத்தான் நன்றியுரை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வயதில் மூத்தவ, தரம் மூன்றுக்குப் பொறுப்பானவ. அதைவிட முக்கியமான காரணம், நன்றியுரையை ஒருவரும் கேட்பதில்லை. அது தொடங்கும்போதுதான் றோல்ஸ் தட்டும் தொடங்கும். அன்றைக்கும் தட்டு எழும்பிவிட்டது. ரீச்சர் ஒலிவாங்கியை வாய்க்குச் சரியாக இறக்கி, சேலைத் தலைப்பைச் செருகி, ஒரு சின்னத் துண்டைப் பார்த்து வாசித்தா.

"இன்று ஐந்து கட்டுக் கொப்பிகளை இருபத்துமூன்று பிள்ளைகளுக்கும் தந்து, அவற்றைத் திரும்பவும் பெற்றுக்கொண்ட அன்னாரின் குடும்பத்தினருக்கு நன்றி. மேடைக்குப் பின்னால் நின்று அவற்றைத் திரும்ப வாங்கி உதவிய எங்கள் இளம் ஆசிரியருக்கும் நன்றி. அன்னாருக்குக் கழுத்துப்பட்டி கட்டி முடியாததால் வந்து சேராத நூற்றெட்டுக் கொப்பிகளுக்கு, அவை வந்து சேர்ந்தபின் நன்றி சொல்வேன். தருவதாகச் சொல்லியிருக்கும் இருபத்துமூன்று மேசை கதிரைகளுக்கும் அவ்வாறே. வணக்கம்."

காலை முழுக்க வாயைத் திறந்தபடி உறைந்து நின்ற கனடாக் காணொளி, அந்த ஒன்றரை நிமிஷம் மட்டும் தெளிவாக வேலை செய்தது.

*

ரீச்சரைப் பற்றிச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்லவேண்டும். வந்ததற்கு நன்றி சொல்லுவா. வராததற்குச் சொல்லமாட்டா. அரைவாசி வந்தால் அரைவாசிக்குச் சொல்லுவா.

பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால், "ஏழு கணக்கில் ஐந்து செய்ததற்கு நன்றி" என்று எழுதுவா. ஒருநாள் ஒரு பிள்ளையின் தகப்பன் தோட்டத்திலிருந்து கத்தரிக்காய் கொடுத்துவிட்டார். ரீச்சர் பையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பாட்டைச் சொல்லு, எட்டிலை ஒண்டு புழு, ஏழுக்கு நன்றி எண்டு" என்றா. அடுத்த கிழமை ஒன்பது வந்தது. ஒன்பதும் கண்ணாடிபோல. பருத்தித்துறை பஸ்காரர் தரிப்பிடத்தைத் தாண்டி இறக்கிவிட்டால் இறங்கி நின்று, "நாலு வீடு தள்ளி நிப்பாட்டினதுக்கு நன்றி தம்பி" என்பா. குரலில் கோபம் இராது. பிறகு பஸ் ரீச்சரின் செருப்புக்கு நேரே நிற்கத் தொடங்கியது.

முதல் நாள் நான் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணிக்கு, "சூடாத் தந்ததுக்கு நன்றி தம்பி" என்றா. சீனி போட மறந்துவிட்டேன் என்பது அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு ரீச்சரைப் பிடிக்கவில்லை. இதையும் எழுதவேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அக்கா இரண்டு வருஷம் போனாள், பிறகு வெங்காயம் நட ஆள் காணாது என்று நிறுத்திவிட்டார்கள். நான் படித்தது முழுக்க ஆரோ தந்த கொப்பியில், ஆரோ தந்த பையில், ஆரோ தந்த சப்பாத்தில். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்று சிரித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய நன்றிக் கடிதத்தை வாசித்து லண்டனில் ஒரு அம்மா அழுதாவாம். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. கடை கடையாகப் போய்ச் சொன்னார். ஆகவே நன்றி என்பது நான் கைதேர்ந்த பாடம். அதை இவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழிக்கிற ஒருவரை எனக்கு எப்படிப் பிடிக்கும்?

ஒருநாள் கேட்டேன். "ரீச்சர், கொஞ்சம் கூடச் சொன்னா என்ன குறைஞ்சுபோகும்?"

"தாறது குறைஞ்சுபோகும்" என்றுவிட்டு வரவுப் பதிவேட்டைத் திறந்தா.

*

தரம் மூன்றுக்கு மேசை கதிரை இல்லை. இருந்தவற்றைக் கறையான் தின்றுவிட்டது. வலயத்தில் கேட்டதற்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கறையானுக்கு அப்படி ஒரு நடைமுறையும் இல்லை. பிள்ளைகள் சீமெந்து நிலத்தில் உரப்பையை விரித்து, முழங்காலில் கொப்பியை வைத்து எழுதினார்கள். வெயிலுக்கு அது குளிர்ச்சி. ஆனால் ஐப்பசியில் மாரி தொடங்கினால் அந்த நிலம் வேர்க்கும். போன வருஷம் வேர்த்தபோது அரைவாசி வகுப்பு இருமிக்கொண்டு வீட்டில் கிடந்தது. அதனால் எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி, மேசை முந்துமா மழை முந்துமா என்பதுதான்.

விழாவுக்கு அடுத்த நாள் அது மாறி, நன்றி முந்துமா மேசை முந்துமா என்றாகிவிட்டது.

அன்னாரின் தம்பியார் பள்ளிக்கூடத்துக்கு வந்து அதிபரின் அறையில் நின்றபடியே கதைத்தார்.

"உவவுக்கு என்ன திமிர்? பொடியள் அங்கை குளிருக்கை நிண்டு உழைச்சு அனுப்பிற காசு. வடிவா ஒரு நன்றி வீடியோவிலை சொல்லச் சொல்லுங்கோ. பிள்ளையளையும் பக்கத்திலை வைச்சு, கொஞ்சம் உருக்கமா. அதுக்குப் பிறகுதான் மேசை."

அதிபர் நல்ல மனிதர். ஆரோடும் பகைக்கமாட்டார், அதற்காக எதையும் செய்வார். ரீச்சரைக் கூப்பிட்டு, "ரீச்சர், ஒரு ரெண்டு நிமிசம். பிள்ளையளுக்காகத்தானே" என்றார்.

"சொல்லுறன் சேர். மேசை வந்த உடனை சொல்லுறன்."

"அவை நன்றி வந்த உடனை மேசை எண்டினம்."

"அப்ப ஆரோ முதல் தரவேணும். எங்களிட்டை இல்லை. அவையிட்டை இருக்கு."

கொப்பிகள் மட்டும் மூன்று கிழமைக்குப் பிறகு வந்தன. ரீச்சர் நூற்றெட்டையும் எண்ணி, "நூற்றெட்டுக் கொப்பிகள் கிடைத்தன, நன்றி" என்று ஒரு தபாலட்டையில் எழுதிக் கனடாவுக்கு அனுப்பினா. அது உருக்கத்தில் சேர்க்கப்படவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல முதல் நாளே அன்னாருக்கு மீசையும் மூக்குக்கண்ணாடியும் வரைந்தார்கள். அபி அவருடைய கோட்டை அழித்துச் சால்வை போட்டாள். அவள் அன்னாரைக் கண்டதே இல்லை.

ஆவணி போனது. புரட்டாதி போனது. ஐப்பசியில் முதல் மழை பெய்தது.

நிலம் வேர்த்தது. ரீச்சர் தாய்மாரிடம் உரப்பை கேட்டு இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தா. பதினாறு பைக்குப் பதினாறு நன்றி சொன்னா. ஆனால் பை ஊறினால் நன்றியும் ஊறும்தானே. பிள்ளைகள் இருமத் தொடங்கினார்கள். அபிக்குக் காய்ச்சல். அக்கா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

அந்தக் கிழமைதான் அதிபர் என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உமக்குத் தமிழ் நல்லா வரும். ரீச்சற்றை பேரிலை நீர் ஒரு கடிதம் எழுதித் தாரும். அவவுக்குச் சொல்லத் தேவையில்லை. நல்ல காரியம்தானே."

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் நல்ல கடிதம் அதுதான். 'வாடிய பயிர்' என்று தொடங்கினேன். 'இந்த ஏழை ஆசிரியையின் கண்ணீரை மையாக்கி எழுதுகிறேன்' என்று போட்டேன். அன்றைய என் பேச்சில் தவறு நேர்ந்திருந்தால் ஒரு தாயாக நினைத்து என்னை மன்னியுங்கள் என்றும் எழுதினேன். ரீச்சர் கலியாணமே செய்யாதவ. கடைசியில் ரீச்சரின் பெயரை வைத்து, அவவைப் போலவே சாய்த்து ஒரு கையெழுத்தும் போட்டேன். கடிதம் கனடாவில் முகப்புத்தகத்தில் ஏறியது. நானூறு பேர் இதயம் போட்டார்கள். அதில் ஒன்று எங்கள் அதிபருடையது.

"இப்பத்தான் மனிசி மனிசத்தனமாக் கதைக்குது" என்று தம்பியார் தொலைபேசியில் சொன்னாராம்.

அடுத்த கிழமை மேசை கதிரைகள் வந்தன. பதினெட்டு. இருபத்துமூன்று ஏன் பதினெட்டானது என்று கேட்க ஆருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு உருக்கமாக நன்றி சொன்ன பிறகு எப்படிக் கேட்பது? ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் கோட் போட்ட அன்னார்.

வந்தவை உடனே வகுப்புக்குப் போகவில்லை. விழா வைக்கவேண்டும், விழாவுக்கு நல்ல நாள் வேண்டும், ட்ரோன்காரருக்கு நேரம் வேண்டும், மழை விடவேண்டும். ஆகையால் பதினெட்டு மேசை கதிரையும் நூலக அறையில் பத்து நாள் பூட்டுப் போட்டு நனையாமல் இருந்தன. பிள்ளைகள் பக்கத்து அறையில், நிலத்தில் இருந்தார்கள். பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது.

விழாச் செலவுக்கு முதல் முறை சேர்த்தது போலவே இந்த முறையும் பெற்றாரிடம் தலைக்கு ஆயிரம். சேர்ப்பவனும் நான்தான். முதல் முறை போனபோது அக்கா கேட்டவள்:

"தம்பி, தாறது அவை எண்டால், காசு ஏன் நாங்கள் குடுக்கிறம்?"

"பந்தல், சாப்பாடு, பொன்னாடை எண்டு செலவு இருக்குத்தானே அக்கா. எங்கடை மரியாதையை நாங்கள் காட்டவேணும்" என்று விளங்கப்படுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்கு விளங்கப்படுத்துவது என் கடமை என்று அப்போது நினைத்திருந்தேன். இரண்டாம் முறை அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு மடித்த ஆயிரத்தை எடுத்துத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே அபி இருமிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் விழாவில் நன்றியுரை என்னுடையது. கடிதத்தையே கொஞ்சம் நீட்டிப் பேசினேன். கனடாக் காணொளி இந்த முறை நன்றாக வேலை செய்தது. இரண்டு மகன்மாரும் கண்ணைத் துடைத்தார்கள். ரீச்சர் கடைசி வரிசையில், மேசை கிடைக்காத ஐந்து பிள்ளைகளோடு இருந்தா. அந்த ஐவரில் அபியும் ஒருத்தி. பங்கிட்டவன் நான். என் மருமகளுக்கு முதலில் கொடுத்தால் ஊர் என்ன கதைக்கும் என்று நினைத்தேன். நேர்மையான ஆள் நான்.

றோல்ஸ் தட்டு வந்தபோது ரீச்சர் எனக்குக் கிட்ட வந்தா. கடிதத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. நானூறு பேர் வாசித்த ஒன்றை அவ வாசிக்காமல் இருப்பாவா? ஏசுவா என்று காத்திருந்தேன். ஒரு றோல்ஸை எடுத்து இரண்டாகப் பிய்த்து, அரைவாசியை அபிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டா. அன்று முதல் நான் ஊற்றின தேத்தண்ணிக்கு நன்றி வரவில்லை.

*

மார்கழியில் ரீச்சர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போனா. பிரியாவிடையில் அதிபர் பொன்னாடை போர்த்தினார். ரீச்சர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியில் சொன்னா:

"பொன்னாடைக்கு நன்றி. போன விழாவிலை அன்னாரின் தம்பியார் கதிரையிலை விட்டிட்டுப் போனதைப் பத்திரமா எடுத்து வைச்சதுக்கும் நன்றி."

அதிபரும் சேர்ந்து கைதட்டினார்.

போகும்போது என் மேசை லாச்சிக்குள் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போயிருந்தா. கொப்பித் தாள்.

'தம்பிக்கு,

என் பெயரில் கடிதம் எழுதியதற்கு நன்றி. எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்தும் நன்றாக இருந்தது. அதில் சொன்ன கண்ணீர் என்னுடையது அல்ல, ஆகவே அதற்கான நன்றியும் எனக்குச் சேராது.

அந்தக் கடிதத்தால் பதினெட்டுப் பிள்ளைகள் நிலத்திலிருந்து எழும்பினார்கள். என்னால் ஒருவரும் எழும்பவில்லை. அதற்கு உமக்கு நன்றி. இதைக் குறைத்துச் சொல்லவில்லை.

மிச்சம் ஐந்து மேசை கதிரைக்குச் சந்தியில் மரம் அறுத்து விற்கும் மரக்காலையில் விசாரித்தேன். நாற்பத்தையாயிரம் சொன்னார்கள்.

இரண்டு விழாவிலும் எல்லாருக்கும் நன்றி சொன்னோம். பெற்றாருக்கு நானும் சொல்லவில்லை, நீரும் சொல்லவில்லை. நான் போகிறேன். நீர் இங்கேதான் இருப்பீர்.'

மூன்று நாள் அந்தத் துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். அபி அவளுக்குப் பக்கத்தில், நிலத்தில், முழங்காலில் கொப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பின்னட்டையில் அன்னார் சால்வையோடு சிரித்தார்.

"அக்கா, ரெண்டு விழாவுக்கும் ரெண்டாயிரம் தந்தனி. அதுக்கு நன்றி."

அக்கா கையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கென்ன, காய்ச்சலே?"

"இல்லை. சொல்லேல்லை எண்டு ரீச்சர் எழுதியிருக்கிறா."

"எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லப்போறியே?"

"ஓம்."

அவள் பிடியை முறுக்கிக் கட்டி ஒரு பக்கம் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு, மகளைப் பார்த்தபடி, என்னைப் பாராமல் கேட்டாள்:

"ரெண்டு தரமும் எங்களிட்டை மொத்தம் எவ்வளவு சேர்த்தனீங்கள்?"

மரக்காலைக் கணக்கை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"நாற்பத்தாறாயிரம்."